கிளினிக்கிலிருந்து நோயாளிக்குக் குறுஞ்செய்தி: தொடங்குவது முதல் கணக்குப் பார்ப்பது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

நாங்கள் குறுஞ்செய்தி அனுப்பத் தொடங்கிய இரண்டாவது வாரம், பிரஷர் மாத்திரை வாங்கும் பெரியவர் ஒருவர் கிளினிக் வாசலில் கோபமாக வந்து நின்றார். "இரண்டு நாளாகத் தலைசுற்றுகிறது என்று எழுதி அனுப்பினேனே, ஒருவராவது கூப்பிட்டீர்களா?" என்றார். அவருடைய பட்டன் போனை வாங்கிப் பார்த்தேன். எங்கள் செய்திக்குக் கீழே, பேத்தியை விட்டு எழுதவைத்த பதில் அப்படியே இருந்தது. அனுப்ப முடியவில்லை என்ற குறியும் பக்கத்தில் இருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. வங்கி, கேஸ் ஏஜென்சி செய்திகளைப் போல எங்களுடையதும் எண்ணுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துத் தலைப்போடு போயிருந்தது. அந்தத் தலைப்புக்கு யாரும் பதில் அனுப்ப முடியாது. இது எங்களுக்குத் தெரியும். அவருக்குச் சொல்ல மறந்துவிட்டோம்.

அதனால் இந்த வழிகாட்டி பதிலிலிருந்து தொடங்குகிறது. ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், சீட்டுப் போட ஒருவர் என்று நடக்கும் சிறிய கிளினிக்கை மனதில் வைத்து எழுதுகிறேன். சர்க்கரை, பிரஷர், கர்ப்பிணிகள், குழந்தைகளுக்குத் தடுப்பூசி என்று திரும்பத் திரும்ப வரவேண்டியவர்கள் உள்ள இடம்தான் இதற்கு ஏற்றது. காய்ச்சலுக்கு ஒருநாள் வந்துபோகிறவர்களுக்கு இதெல்லாம் தேவையில்லை.

படி 1: பதிலை யார் எடுப்பார்கள் என்று முடிவு செய்யுங்கள்

மருத்துவத்தில் குறுஞ்செய்தியைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் எடுத்துச் சொல்லும் ஆய்வு ஒன்று கென்யாவில் நடந்தது. 2010இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. எச்.ஐ.வி.க்கு மருந்து எடுக்கத் தொடங்கிய 538 பேர் அதில் இருந்தார்கள். பாதிப்பேருக்கு வாரம் ஒருமுறை ஒரே ஒரு சொல் போனது: "மம்போ?" சுவாஹிலியில் "எப்படி இருக்கிறீர்கள்?" என்று பொருள். 48 மணி நேரத்துக்குள் "சாவா" என்று பதில் வந்தால் நலம். "ஷிடா" என்று வந்தால் ஏதோ சிக்கல், நர்ஸ் கூப்பிட்டுப் பேசுவார். பதிலே வராவிட்டாலும் கூப்பிடுவார். மருந்தை ஒழுங்காக எடுத்ததாகச் சொன்னவர்கள் செய்தி பெற்ற பக்கத்தில் 62 சதவீதம், பெறாத பக்கத்தில் 50 சதவீதம். ரத்தத்தில் வைரஸ் அடங்கியவர்கள் 57 சதவீதம், மறுபக்கம் 48.

அந்தச் செய்தியில் மருந்து என்ற சொல்லே இல்லை, நோயின் பெயரும் இல்லை. பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்த்தாலும் நண்பர் யாரோ நலம் விசாரிக்கிறார் என்றுதான் நினைப்பார். பலனைக் கொடுத்தது அந்த ஒரு சொல் மட்டும் என்று நான் நம்பவில்லை. பதில் வந்தாலும் வராவிட்டாலும் அதைக் கவனிக்க ஒரு நர்ஸ் உட்கார்ந்திருந்தார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நம் ஊரில் எழுத்துத் தலைப்போடு போகும் செய்திக்குப் பதில் அனுப்ப முடியாது என்பதால், நமக்குப் பழகிய வழியையே பிடித்துக்கொள்ளலாம்: மிஸ்டு கால். தனியாக ஒரு சிம் வாங்குங்கள். ஒரு பட்டன் போனில் போட்டு நர்ஸ் மேசையில் வையுங்கள். செய்தியின் கடைசியில் அந்த எண் இருக்கட்டும். காசில்லாமல் கூப்பிட்டுத் துண்டிக்க நம் மக்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. காசநோய் சிகிச்சைக்காக இந்தியாவில் உருவாக்கப்பட்ட 99டாட்ஸ் முறையும் இந்தப் பழக்கத்தின் மேல்தான் நின்றது. மாத்திரையை அட்டையிலிருந்து எடுத்தால் உள்ளே மறைந்திருக்கும் எண் தெரியும். அதற்குக் கட்டணமில்லாத அழைப்பு ஒன்று கொடுத்தால், அன்றைய மாத்திரை எடுக்கப்பட்டதாகப் பதிவாகும்.

போனை வைத்துவிட்டால் மட்டும் போதாது. காலை 9, மதியம் 1, மாலை 6 என்று மூன்று வேளை அதைப் பார்க்க ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். "யாராவது பார்த்துக்கொள்ளுங்கள்" என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். பக்கத்தில் கோடு போட்ட நோட்டு ஒன்று. நேரம், எண், பெயர், என்ன சொன்னார், என்ன செய்தோம் என்று ஐந்து கட்டம். கடைசிக் கட்டம் காலியாக இருந்தால் அன்று மாலை டாக்டர் கையெழுத்துப் போடக் கூடாது. இந்த ஏற்பாடு ஒரு வாரம் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

படி 2: ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள்

எல்லாவற்றுக்கும் அனுப்பலாம் என்ற ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள். மறுபரிசோதனைக்கு வராமல் போகிறவர்கள் அதிகமா, மாத்திரை தீர்ந்தும் வாங்காதவர்கள் அதிகமா, 6, 10, 14 வாரத் தடுப்பூசியைத் தள்ளிப்போடுகிறவர்கள் அதிகமா என்று பழைய நோட்டைப் புரட்டுங்கள். எது அதிகமோ அதற்கு மட்டும் தொடங்குங்கள்.

எவ்வளவு அடிக்கடி என்ற கேள்விக்கும் கென்யாவிலிருந்தே ஒரு பதில் இருக்கிறது. 2011இல் வெளியான இன்னோர் ஆய்வில் சிலருக்குத் தினமும், சிலருக்கு வாரம் ஒருமுறை நினைவூட்டல் போனது. வாரம் ஒருமுறை பெற்றவர்களில் 53 சதவீதத்தினர் பத்தில் ஒன்பது பங்குக்குக் குறையாமல் மருந்து எடுத்தார்கள். எதுவும் பெறாதவர்களில் அது 40 சதவீதம். தினமும் பெற்றவர்களிடம் முன்னேற்றம் தெரியவில்லை. ஊக்க வார்த்தைகள் சேர்த்து நீளமாக எழுதியதும் கூடுதல் பலன் தரவில்லை. தினமும் அடிக்கும் மணியைக் காது விட்டுவிடும், அவ்வளவுதான்.

சென்னைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. சர்க்கரை நோயின் வாசலில் நிற்கும் 537 ஆண்களை டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையிலான சென்னைக் குழு இரண்டு ஆண்டுகள் கவனித்தது. முடிவு 2013இல் வெளிவந்தது. உணவு, நடைப்பயிற்சி பற்றித் தொடர்ந்து குறுஞ்செய்தி பெற்றவர்களில் 18 சதவீதத்தினருக்குச் சர்க்கரை நோய் வந்தது. முதல் நாள் ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 27 சதவீதத்தினருக்கு வந்தது. இப்படி மாதக்கணக்கில் வாழ்க்கைமுறை பற்றி எழுத, மனிதருக்கு மனிதர் மாறும் செய்திகள் நிறைய வேண்டும். சிறிய கிளினிக் முதல் ஆண்டிலேயே இதில் இறங்குவது சரியாக வராது.

எல்லா ஆய்வும் வெற்றி சொல்லவில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தென்னிந்தியாவில் எச்.ஐ.வி. மருந்து எடுக்கும் 631 பேரில் பாதிப்பேருக்கு வாரம்தோறும் தானியங்கிக் குரல் அழைப்பும் படச்செய்தியும் அனுப்பிப் பார்த்த ஆய்வு 2014இல் வெளியானது. அனுப்பியவர்களுக்கும் அனுப்பாதவர்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை. பிரிட்டனில் புகைப்பழக்கத்தைக் கைவிட விரும்பிய 5,800 பேரிடம் நடந்த ஆய்வில் நிலைமை வேறு. கைவிட உதவும் செய்தி பெற்ற பக்கத்தில் ஆறு மாதத்தில் விட்டவர்கள் 10.7 சதவீதம், மறுபக்கம் 4.9. அங்கே புகைக்கும் ஆசை எழும்போது ஒரு சொல்லை அனுப்பினால், உடனே ஆறுதலாக ஒரு செய்தி திரும்பி வரும் ஏற்பாடு இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது என் மனம் மறுபடி பதிலிடமே போகிறது.

படி 3: எண்ணைக் கேளுங்கள், அந்த எண் யாருடையது என்றும் கேளுங்கள்

சீட்டுப் போடும்போது "போன் நம்பர்?" என்று கேட்டால் வாயில் வரும் எண்ணைச் சொல்லிவிடுவார்கள். எங்கள் நோட்டில் இருந்த ஓர் அம்மாவின் எண், திருப்பூரில் வேலை பார்க்கும் மகனுடையது. "நாளை வெறும் வயிற்றில் வரவும்" என்ற செய்தியை அவர் இரவு ஷிப்ட் முடிந்து மறுநாள் காலை பார்த்திருக்கிறார். அம்மா அதற்குள் இட்லி சாப்பிட்டுவிட்டார்.

எனவே கேள்வி இப்படி இருக்கட்டும்: "அம்மா, இந்த போன் உங்கள் கையில் இருப்பதா, வீட்டில் வேறு யாருடையதா? செய்தி வந்தால் நீங்களே படிப்பீர்களா, யாராவது படித்துச் சொல்வார்களா? உடம்பைப் பற்றி அதில் எழுதலாமா?" மூன்று கேள்விக்கும் பதிலைச் சீட்டிலேயே குறியுங்கள். சம்மதம் வாங்கியதற்குக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி வைப்பது நல்லது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருவருடைய விவரத்தை எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லிச் சம்மதம் பெற வேண்டும் என்கிறது. வேண்டாம் என்றால் நிறுத்தும் வழியும் இருக்க வேண்டும். சட்டத்தை விடுங்கள், கல்யாணம் பேசிக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு நாம் அனுப்பும் செய்தியை யார் யார் படிப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தாலே போதும்.

படிக்கத் தெரியாதவர்கள் என்று தெரிந்தால் செய்தி அனுப்பாதீர்கள். அவர்களுக்கு நர்ஸ் போன் செய்யட்டும். அந்தப் பட்டியல் பெரும்பாலும் சிறியதாகவே இருக்கும்.

இன்னொன்று. செயலிழந்த எண்ணை 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். சிம்மை மாற்றிக்கொண்டே இருக்கும் ஊரில், போன ஆண்டு வாங்கிய எண் இப்போது யாரோ ஒருவருடையதாக இருக்கலாம். வரும்போதெல்லாம் எண்ணை வாய்விட்டுப் படித்துக் காட்டிச் சரிபாருங்கள்.

படி 4: செய்தியை எழுதுங்கள், எழுத்தை எண்ணுங்கள்

பலரும் பணத்தைக் கோட்டைவிடும் இடம் இதுதான். ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து. தமிழில் ஒரே ஓர் எழுத்து கலந்தாலும் முழுச் செய்திக்கும் 70தான். அதைத் தாண்டினால் துண்டு துண்டாகப் பிரிந்து போகும், துண்டுக்கு 67. ஒவ்வொரு துண்டுக்கும் தனிக் காசு.

அந்த 70உம் நாம் பள்ளியில் படித்த எழுத்துக் கணக்கு இல்லை. "மருந்து" என்பது நமக்கு நான்கு எழுத்து. போனுக்கு ஏழு: ம, ர, உகரக் குறி, ந, புள்ளி, த, உகரக் குறி. மெய்யின் புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியாக இடம் பிடிக்கும். இடைவெளியும் ஒன்று, முற்றுப்புள்ளியும் ஒன்று.

எங்கள் முதல் செய்தி இது:

"வணக்கம். சர்க்கரைப் பரிசோதனைக்கு நாளை காலை 8 மணி. வெறும் வயிற்றில் வரவும்."

எண்ணிப் பாருங்கள், 74 வரும். நான்கு குறிக்காக இரண்டு துண்டுக் காசு. "வணக்கம்" என்பதை எடுத்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது நர்ஸ்தான் சொன்னார்: "சர்க்கரை என்று எதற்கு ஊருக்கே சொல்ல வேண்டும்?" "சர்க்கரைப்" என்பதை "ரத்தப்" என்று மாற்றினோம். சரியாக 70. நோயின் பெயரும் மறைந்தது, மரியாதையும் தப்பியது.

ஆனால் யார் அனுப்பியது என்று தெரிய கிளினிக் பெயரும், பதிலுக்கு எண்ணும் வேண்டும் என்பதால் இரண்டாவது துண்டு தவிர்க்க முடியாததாகிவிடுகிறது. இரண்டு துண்டுக்கு 134 இடம். மேலே உள்ள 70ஓடு "வர முடியாவிட்டால் மிஸ்டு கால்:" என்பதையும் பத்து இலக்க எண்ணையும் சேர்த்தால் 112. கிளினிக் பெயருக்கு 22 மிச்சம். பெயர் அதைவிட நீளம் என்றால் சுருக்குங்கள், மூன்றாவது துண்டுக்குப் போகாதீர்கள். சில விசைப்பலகைகள் "ோ" போன்ற குறியை இரண்டாக உடைத்து வைக்கும். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், கணக்கு மட்டும் கூடும். அனுப்பும் மென்பொருள் காட்டும் எண்ணிக்கையை நம்புங்கள்.

தமிழை ஆங்கில எழுத்தில் எழுதினால் 160 கிடைக்குமே என்று கேட்பார்கள். இளைஞர்கள் படித்துவிடுவார்கள். நமக்குச் செய்தி போய்ச்சேர வேண்டியது அறுபது வயதுக்காரர்களிடம். தமிழிலேயே எழுதுங்கள்.

சொற்களில் இன்னொரு கண்ணி உண்டு. "வெறும் வயிற்றில்" என்றதும் பிரஷர் மாத்திரையையும் போடாமல் வந்தவர்கள் எங்களிடம் பலர். எந்த மாத்திரையைப் போடலாம், எதைப் போடக் கூடாது என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், எல்லாருக்கும் போகும் செய்தியில் எழுத முடியாது. இப்போது சீட்டிலேயே எழுதிக் கொடுத்து, வாயாலும் சொல்லி அனுப்புகிறோம். எழுதி முடித்த செய்தியைக் கிளினிக்கில் வேலை செய்யாத ஒருவரிடம், பக்கத்துக் கடைக்காரராகவும் இருக்கலாம், படிக்கக் கொடுத்து "என்ன புரிந்தது?" என்று கேளுங்கள்.

படி 5: பதிவு

ஒரு நாளைக்கு ஏழெட்டுப் பேர்தான் என்றால், கிளினிக் போனிலிருந்து நர்ஸ் பெயர் போட்டு ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்து அனுப்புவதே சிறந்தது. பதிலும் நேராக வரும். ஆனால் சாதாரண சிம்மிலிருந்து மொத்தமாக அனுப்பக் கூடாது, விளம்பரம் கலக்கவே கூடாது. புகார் போனால் எண்ணை முடக்கிவிடுவார்கள்.

அதற்கு மேல் என்றால், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018ஆம் ஆண்டு விதிப்படி டி.எல்.டி. பதிவு வேண்டும், அதாவது மொத்தமாகச் செய்தி அனுப்புகிறவர்களுக்கான பதிவு. ஏதாவது ஒரு தொலைபேசி நிறுவனத்தின் டி.எல்.டி. தளத்தில் பான் அட்டை, கிளினிக் ஆவணங்கள் கொடுத்து முதலில் நிறுவனத்தைப் பதிவு செய்ய வேண்டும். அடுத்து தலைப்பு. மூன்றாவது செய்தி வார்ப்பு: தேதி, நேரம் போன்ற மாறும் இடங்களைத் தவிர மற்ற எல்லாம் எழுத்துக்கு எழுத்து நீங்கள் ஒப்புதல் பெற்றபடியே இருக்க வேண்டும். பின்னால் ஒரு புள்ளியை மாற்றினாலும் செய்தி நின்றுவிடும். லிங்க் வைப்பதென்றால் அதற்கும் முன் ஒப்புதல் தேவை. மருத்துவச் செய்தியில் லிங்க் வைக்காமல் இருப்பதே நல்லது என்பேன். "லிங்கைத் தொடாதே" என்று பேரப்பிள்ளைகள் இப்போதுதான் தாத்தாக்களைப் பழக்கியிருக்கிறார்கள்.

நினைவூட்டலைச் "சேவை" வகையில் பதிவு செய்யுங்கள். "இலவசக் கண் பரிசோதனை முகாம், வாருங்கள்" என்பது விளம்பர வகை. காலை 10 முதல் இரவு 9 வரைதான் போகும், விளம்பரம் வேண்டாம் என்று பதிந்தவர்களுக்குப் போகாது. இரண்டையும் ஒரே செய்தியில் கலக்காதீர்கள்.

படி 6: நேரம்

ரத்தப் பரிசோதனைக்கு முந்தைய நாள் மாலை ஆறு, ஆறரை. இரவு உணவுக்கு முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். தடுப்பூசிக்கு இரண்டு நாள் முன்பு ஒன்று, முந்தைய மாலை ஒன்று. வேலைக்குப் போகும் தாய் லீவு சொல்ல அந்த இரண்டு நாள் வேண்டும். மாதாந்திர மாத்திரைக்கு, தீர்வதற்கு மூன்று நாள் முன்பு. பண்டிகை நாளிலும் ஊர்க் கொடை நாளிலும் அனுப்பாதீர்கள், யாரும் பார்க்க மாட்டார்கள்.

படி 7: செய்தியில் எழுதக் கூடாதவை

பரிசோதனை முடிவு, அது நல்லதாக இருந்தாலும். நல்ல முடிவைச் செய்தியில் அனுப்பிப் பழக்கிவிட்டால், "நேரில் வரவும்" என்று வரும் நாளில் அவர் அங்கேயே உட்கார்ந்துவிடுவார். மருந்தின் அளவை மாற்றுவதும் செய்தியில் கூடாது. "இன்சுலின் போட்டுக்கொள்ளுங்கள்" என்று எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அனுப்புவது ஆபத்து. அன்று சாப்பிடாமல் இருப்பவருக்கும் அது போய்ச்சேரும். காசநோய், எச்.ஐ.வி., மனநலம், கருக்கலைப்பு சார்ந்த எதையும் பெயர் சொல்லாதீர்கள். கென்யாவின் "மம்போ?"வை நினைத்துக்கொள்ளுங்கள்.

அவசரத்துக்கு இந்த எண் இல்லை என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கர்ப்பிணிக்கு ரத்தப்போக்கு என்றால் 108. மிஸ்டு கால் போனில் இரவு யாரும் இருக்க மாட்டார்கள் என்பதைச் சீட்டின் பின்பக்கம் அச்சடித்துவிட்டோம்.

படி 8: கணக்கு

தொடங்குவதற்கு முந்தைய மாதம் வரவேண்டியவர்கள் எத்தனை பேர், வந்தவர்கள் எத்தனை பேர் என்று எழுதி வைத்திருந்தால்தான் பிறகு ஒப்பிட முடியும். இதை மறந்துவிட்டு ஆறு மாதம் கழித்து "நன்றாகத்தான் போகிறது" என்று சொல்லிக்கொள்வதில் பயனில்லை. 40 பேருக்கு அனுப்பினீர்கள், 31 பேர் வந்தார்கள் என்றால், வராத 9 பேருக்கும் போன் செய்து காரணம் கேளுங்கள். எண் மாறியது, பஸ் இல்லை, காசில்லை, மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, வேறு டாக்டரிடம் போய்விட்டோம் என்று காரணங்கள் வரும். குறுஞ்செய்தி தீர்ப்பது மறதியை மட்டும்தான். காசில்லாதவருக்கு நான்காவது நினைவூட்டல் அனுப்புவது கொடுமை. அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வரும் என்று சொல்லி அனுப்புவதுதான் அவருக்கு உதவி.

அனுப்பியதும் போய்ச்சேர்ந்ததும் வேறு என்பதையும் கவனியுங்கள். மென்பொருளில் சேர்ந்தது, சேராதது என்று பட்டியல் வரும். இரண்டு முறை தொடர்ந்து சேராத எண்ணை நோட்டில் சிவப்பில் சுழியுங்கள். அடுத்த முறை அவர் வரும்போது சீட்டுப் போடுகிறவரின் கண்ணில் படும்.

நிறுத்தச் சொல்கிறவர்களுக்கு அன்றே நிறுத்துங்கள். இறந்துபோனவரின் பெயரை அந்தச் செய்தி காதில் விழுந்த நாளே பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். பதினாறாம் நாள் காரியம் நடக்கும் வீட்டுக்கு எங்களிடமிருந்து "நாளை காலை 8 மணி, வெறும் வயிற்றில் வரவும்" என்று ஒருமுறை போயிருக்கிறது. மகள் மிஸ்டு கால் கொடுத்தார். நர்ஸ் திரும்பக் கூப்பிட்டு, வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். நோட்டின் ஐந்தாவது கட்டத்தில் "பெயர் நீக்கப்பட்டது" என்று எழுதியிருக்கிறார்.